பதினோராம் மைல் கொடிக்காரன்

பாறைக்கு வெடி வைக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியும் அய்யாவுக்குப் பத்து விரலும் மிச்சமிருந்தன. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. யாராவது தன்னை எதிர்த்துப் பேசினால் இரண்டு கையையும் விரித்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டிவிட்டு, மேற்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

மலாயாவில் லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து மலைக்குள் ஒரு கண்டிராக்டர் ரோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம். பத்து மைல் வரைக்கும் மண்ணை வெட்டித் தள்ளினால் போதுமாக இருந்தது. பதினோராவது மைலில் ஒரு பாறை, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. தினமும் அதில் ஏழு குழி குடைந்து, மருந்து திணித்து, பகல் பன்னிரண்டுக்கு வெடி வைப்பார்கள். வெடிக்கு முன்னால் ஆண்களெல்லாம் பாறைக்குக் கீழ்ப்பக்கம் நூற்றைம்பது கெஜம் தள்ளி ஒரு பெரிய கல்லின் மறைவுக்குப் போய்விட வேண்டும்.

சிக்கல் மேல்பக்கம்தான். ஓடைத் தண்ணீருக்காகக் குடிசைகளை மேலே போட்டிருந்தார்கள். காலையில் கல் உடைக்கும் பெண்கள் பதினொரு மணிக்குக் குடிசைக்குப் போய், சோற்றுக்கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டுக்கெல்லாம் திரும்ப இறங்கி வருவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தத்தான் மேல் வளைவில் சபாபதி. நடு ரோட்டில் மேலே பார்க்க நின்று, சிவப்புக் கொடி பிடித்த கையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டால் ஒரு பெண்ணும் தாண்ட மாட்டாள். ஏழாவது வெடி வெடித்ததும் கொடியைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே நடந்து வருவான். அவன் பின்னால் கூடைகள் வரும்.

வளைவுக்கு அந்தப் பக்கம் நடப்பது பாறையடியில் நிற்கும் அய்யாவுக்குத் தெரியாது. ரோட்டை அடைத்தாயிற்று, திரியைப் பற்றவைக்கலாம் என்று சபாபதி சத்தம் கொடுத்தாக வேண்டும். முதலில் அதற்கு விசில் இருந்தது. ஆனால் வாலில் இரண்டு நீளக் கம்பியைத் தொங்கவிட்டுத் திரியும் கரிச்சான் ஒன்று அந்தப் பக்கம் குடியிருந்தது. கேட்டதையெல்லாம் திருப்பிப் பாடும் சாதி. ஒரே மாதத்தில் அது சபாபதியைவிட நன்றாக விசில் அடித்தது. ஒருநாள் அந்த விசிலை நம்பி அய்யாவு திரியைப் பற்றவைத்துவிட்டார். அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு மாடு கல்லடி பட்டுச் செத்தது. வண்டிக்காரன் தப்பியது அவன் ஆத்தா செய்த புண்ணியம்.

அப்புறம் அய்யாவுதான் யோசனை சொன்னார். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டையால் அடிப்பது. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று அடி.

"குருவி தகரம் அடிக்குமாய்யா? மனுசனத் தவிர எவன் அடிப்பான்?" என்று அவர் கேட்டபோது, ஆட்களை மேய்க்கும் தண்டல் கனகராஜ் தலையாட்டினார். சத்தம் வந்தால் பற்றவைப்பது, வராவிட்டால் விட்டுவிடுவது. இதில் எந்த ஓட்டையும் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

இந்த நேரத்தில்தான் அது வந்தது.

முதலில் பார்த்தவன் லாரிக் கிளீனர். பத்தாவது மைலில் சாயங்காலம் லாரி திரும்பும்போது ரோட்டோரம் ஆள் மாதிரி நின்றதாம். உடம்பெல்லாம் செம்பட்டை முடி, கை முழங்காலுக்குக் கீழே தொங்கியதாம். அவன் சொன்னபோது ஏழடி இருந்தது. லாபிஸ் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டடி ஆகிவிட்டது. மலாய்க்கார டிரைவர் மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "மாவாஸ்" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். காட்டுக்குள் அந்தப் பேரை எடுக்கக் கூடாது என்று உடனே வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் ஓடைக் கரையில் முழங்கை நீளத்துக்கு ஒரு காலடி. அதற்கடுத்த வாரம் ரோடு அளக்க வந்த ஓவர்சியரே காட்டோரம் எதையோ பார்த்துவிட்டு, அளவு நாடாவை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிகாமட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள்.

அய்யாவு நம்பவில்லை. அவர் மனைவி கிருஷ்ணம்மா நம்பினாள், ஆனால் பயப்படவில்லை. "எதுக்க வந்தா சோத்துக்கூடைய இறக்க ஒரு கை குடுக்கச் சொல்றேன்" என்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போது அவளுக்கு ஐந்து மாதம். கூடை தூக்க வேண்டாம் என்று அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். "நான் கொண்டாராட்டி நீங்க எவ கையால தின்பீங்க?" என்று கேட்டவளிடம் பத்து விரலை நீட்டிக் காட்டிப் பயனில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சபாபதி அவரிடம் வந்து நின்றான். முப்பது வயது ஆள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நாளைக்கு வளைவுல எனக்குத் துணைக்கு ஒரு ஆள் குடுங்க."

"துணை வேணும்னா கல்யாணம் பண்ணிக்க."

"வெளையாடாதீங்கண்ணே. மூணு நாளா அது அங்கதான் வருது. ரோட்டுக்கு அந்தாண்ட மூங்கில் பொதருக்குள்ள குந்திக்கிட்டு என்னையே பாக்குது. நான் தகரத்த அடிச்சா தலையச் சாய்ச்சுக் கேக்குது. கொடியப் பிடிச்சா கையப் பாக்குது. நேத்து பொதர விட்டு ரெண்டு எட்டு வெளிய வந்துருச்சு."

"குரங்குடா."

"குரங்கு இல்லண்ணே. பார்வையப் பாத்தா..." என்று சொல்லிவிட்டு, அவனுக்கே அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றான்.

ஆறு பேர் ஓடிப்போனதில் ஆள் பஞ்சம். துளை போடவே கை போதவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், அய்யாவுக்கு எரிச்சல். வெடிமருந்தோடு குடும்பம் நடத்துகிறவன் ஒரு குரங்குக்குப் பயந்தவனைப் பார்த்தால் வருகிற எரிச்சல்.

"இங்க பாரு சபாபதி. நீ அங்க இருந்து ஓடினா பொம்பளைங்க நேரா பாறைக்கு வந்துருவாங்க. என் பொண்டாட்டியும் அதுல ஒருத்தி. தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அப்ப ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. உனக்கு முடியவே முடியலன்னா ஓடியா. ஆனா தகரத்த அடிக்காம ஓடியா. சத்தம் வராம நான் பத்த வைக்க மாட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

சபாபதிக்கு அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. அய்யாவுக்கும் தான் பேசியது சரியென்றே பட்டது. அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். விடிய விடிய மழை பெய்தது தெரியாமல் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை குழிகளெல்லாம் ஈரம். ஆறு குழிகளைத் துணி திணித்துத் துடைத்தெடுத்தார்கள். ஏழாவது குழி பாறையின் அடியில் இருந்தது, எவ்வளவு துடைத்தாலும் கசிந்துகொண்டே இருந்தது. அய்யாவு அதற்கு மட்டும் திரியில் தார் பூசி இறக்கினார். பன்னிரண்டு அடிக்கப் போகும்போது தண்டல் ஆட்களை எண்ணிக்கொண்டே கீழே அழைத்துப்போனார். அவருக்கு இது தினப்படி வழக்கம். வெடிக்கு முன்னால் ஒரு தரம் எண்ணுவார். வெடித்த பிறகு கொடிக்காரனையும் பெண்களையும் சேர்த்து மறுபடி எண்ணுவார். இருபத்திரண்டு வந்தால்தான் சோற்றில் கை வைக்கலாம்.

பாறையடியில் அய்யாவு தனியாக நின்றார். காடு கம்மென்று இருந்தது. நாள் முழுக்கக் கத்தும் பூச்சிகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன. கரிச்சானையும் காணோம். அவர் பீடியைப் பற்றவைத்தார். அந்த நெருப்பில்தான் திரியைக் கொளுத்துவார். பீடி பாதி கரிந்தது. சத்தம் வரவில்லை.

ஓடிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார். பரவாயில்லை, பற்றவைக்காவிட்டால் போகிறது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இன்னொரு இழுப்பு இழுத்தார்.

அப்போது மேலே தகரம் கேட்டது.

டங். டங். கொஞ்சம் தாமதித்து, டங். பிறகு இடைவெளி. மறுபடி டங், டங்... டங்.

மூன்றாவது அடி இரண்டு தடவையும் பிந்தி வந்தது. 'பயலுக்குக் கை நடுங்குது' என்று அய்யாவு சிரித்துக்கொண்டார். ஓடாமல் நின்றானே என்று அவன்மேல் பிரியம்கூட வந்தது. குனிந்து, அடிக்குழியில் ஆரம்பித்து ஏழு திரிகளையும் வரிசையாகக் கொளுத்தினார். ஏழும் சீறின. பத்தடித் திரி, ஐந்து நிமிஷம். பற்றவைத்தவன் ஓடக் கூடாது, ஓடினால் தடுக்கும். அவர் வழக்கம்போல நடந்தே கீழே போனார்.

கல் மறைவை அடைந்தபோது பக்கத்துச் சரிவில் செடிகளை முறித்துக்கொண்டு யாரோ உருண்டு வந்து விழுந்தார்கள். சபாபதி. சட்டை கிழிந்து, முகமெல்லாம் முள் கீறியிருந்தது.

"அண்ணே... வந்துருச்சுண்ணே... ரோட்டத் தாண்டி எங்கிட்டயே வந்துருச்சு. கைய நீட்டிச்சு. எல்லாத்தையும் போட்டுட்டுக் காட்டு வழியா ஓடியாந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரியே தகரத்த அடிக்கலண்ணே."

அய்யாவுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது.

"அடிக்கலயா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

வளைவில் யாரும் இல்லை. கூடைகள் இறங்கி வரும் நேரம். ஏழு திரிகளும் எரிகின்றன.

தண்டல் அவர் கையைப் பிடித்தார். அய்யாவு உதறிவிட்டு ரோட்டில் ஏறி ஓடினார். திரிகளைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஏழும் ஏழு இடத்தில் இருந்தன. நாலைப் பிடுங்குவதற்குள் அஞ்சாவது அவரையே பிடுங்கிவிடும். அதனால் பாறையை ஒட்டியே ஓடினார், சீறலைக் காதில் வாங்கிக்கொண்டே ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக எரிகிற திரிக்குப் பக்கத்தில் ஓடினார். "கிருஷ்ணம்மா! வராத! நில்லு!" என்று கத்தினார். மூச்சு வாங்கியதில் பாதி வெளியே வரவில்லை. மேல் வளைவு இருநூறு கெஜம். ஏற்றம். கால் சேற்றில் வழுக்கியது. நான்தான் அவளைக் கொன்றேன், நான்தான் அந்த நெருப்பை வைத்தேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வளைவைத் திரும்பினார். கால் தானாக நின்றது.

பெண்கள் மேலே முப்பதடி தள்ளி, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூடைகள் கீழே. சோறு ரோட்டில் கொட்டிக் கிடந்தது. முன்னால் கிருஷ்ணம்மா, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு.

அவர்களுக்கும் அவருக்கும் நடுவில், சபாபதி தினமும் நிற்கும் அதே இடத்தில், அது நின்றது. அவருக்கு முதுகைக் காட்டி, மேலே பார்க்க நின்றது. அகன்ற முதுகில் செம்பட்டை முடி மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையில் தகரம். வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டியிருந்தது. அந்தக் கையில் கொடி இல்லை. கொடி அதன் காலடிச் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது.

கிருஷ்ணம்மா அவரைப் பார்த்துவிட்டாள். அசையாதீங்க என்று கண்ணாலேயே சொன்னாள்.

பின்னால் முதல் வெடி வெடித்தது. அய்யாவு மண்மேட்டோடு ஒண்டிக்கொண்டார். இரண்டு. மூன்று. கற்கள் இலைகளைக் கிழித்துக்கொண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் விழுந்தன. பெண்கள் இன்னும் முப்பது கெஜம் இறங்கியிருந்தால் அந்தக் கற்கள் அவர்கள் தலையில். நான்கு. அந்த உருவம் அசையவில்லை. எத்தனையோ நாளாகக் கேட்டுப் பழகிய சத்தம்தானே. ஐந்து. ஆறு.

பிறகு ஒன்றும் இல்லை.

அது கையை இறக்கியது. திரும்பியது. வேலை முடிந்த சபாபதி எப்படி வருவானோ, அப்படியே தகரத்தை ஆட்டிக்கொண்டு கீழே நடக்க ஆரம்பித்தது. அய்யாவை உரசுகிற மாதிரி கடந்தது. நனைந்த சாக்கு நாற்றம். பழுப்புக் கண். அந்தக் கண் அவரை ஒரு தரம் பார்த்தது. தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வைதான். சபாபதி சொல்லத் தெரியாமல் விட்டது இதைத்தான்.

கிருஷ்ணம்மா ஓடிவந்து அவர்மேல் விழுந்தாள். அவர் அவளை இறுக்கிப் பிடித்தார். தலை, தோள், வயிறு என்று தடவித் தடவிப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு உறைத்தது.

"ஆறுதான்."

"என்னங்க?"

"ஆறுதான் வெடிச்சிருக்கு. அடிக்குழி ஈரம்... இன்னும் எரியுது."

ஏழாவது வெடிக்காமல் பாறைப் பக்கம் யாரும் போகக் கூடாது. அரைமணி நேரமானாலும் காத்திருக்க வேண்டும். எண்ணத் தெரிந்தவன் காத்திருப்பான். அது நடந்து போய்க்கொண்டிருந்தது.

அய்யாவு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சும்மா இருந்திருப்பார். ஒரு மனிதனுக்குக் கத்துவதைப் போலவே தொண்டை கிழியக் கத்தினார்.

"வெடி! வெடி! போகாத! ஏய், திரும்பி வா! வெடி!"

அது நின்றது. திரும்பி, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. என்ன கேட்கிறான் என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு தகரத்தைத் தூக்கி மடக்கிய கையால் அடித்தது.

டங். டங். கொஞ்சம் பிந்தி, டங்.

இடைவெளி விட்டு மறுபடியும் மூன்று. வழி அடைத்தாயிற்று, நீ உன் வேலையைப் பார் என்று. அடித்துவிட்டு வளைவுக்கு அப்பால் இறங்கி மறைந்தது. அய்யாவு இரண்டு எட்டு பின்னால் ஓடினார். கிருஷ்ணம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அது பாறையடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் ஏழாவது வெடித்தது. அடிக்குழி என்பதால் பாறை மொத்தமும் பெயர்ந்து ரோட்டில் சரிந்தது. காலுக்குக் கீழே மலை ஆடியது. அய்யாவு கைகளால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. "ஏழு" என்று வாய் மட்டும் பழக்கத்தில் சொன்னது.

தூசி அடங்கியதும் தண்டல் கனகராஜ் சரிவு வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறி வந்தார். பின்னால் மற்றவர்கள், கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சபாபதி. பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஒருத்தி சொல்லும்போதே இன்னொருத்தி குறுக்கே சொன்னாள். ஆண்கள் போய்ச் சரிந்த கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். சப்பையாக நசுங்கிய தகரம் மட்டும் வடிகாலில் கிடந்தது, அதை எடுத்து வந்தார்கள். கல்லுக்கு அடியில் வேறு என்ன இருக்கிறதென்று அன்றைக்கு யாரும் புரட்டிப் பார்க்கத் துணியவில்லை.

"குரங்குதானய்யா, விடு. நம்ம ஆளுங்க தப்பிச்சாங்களே, அத நெனச்சுக் கும்பிடு" என்றார் தண்டல். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். பெண்கள், குழி போடுகிறவர்கள், மண் அள்ளுகிறவர்கள், சபாபதி, அய்யாவு. இருபத்திரண்டு. திருப்தியாகத் தலையாட்டினார்.

"எல்லாரும் சரியா இருக்கு. சாப்பிடலாம்."

அய்யாவு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தகரம். அழுதுகொண்டிருந்தார், துடைக்கவும் இல்லை.

"இல்லீங்க தண்டல், ஒரு ஆள் கொறையுது" என்றார்.

தண்டல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். சபாபதிதான் வந்து அவர் விரலைப் பிடித்து நிறுத்தினான்.